பெட்டி பதினேழு

புன்தா அரேனாஸில் ஆகஸ்ட் காற்று
ஆளைக் கேட்காமல் ஆளைத் தள்ளும்.
இரும்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம்:
இரண்டு மேஜை, ஒரு எரிவாயு அடுப்பு,
கழுவினாலும் போகாத நண்டு வாசனை.

படகு கரை சேர்ந்ததும்
சென்தோயா நண்டைப் பெட்டி பெட்டியாய் நிறுத்து
எடையைக் கைப்பேசியில் இட வேண்டும்.
அதற்கொரு செயலி. அதுதான் எங்கள் பிழைப்பு.

திங்கள் மாலை துறையிலிருந்து அழைத்தான் எல்விரோ.
ஏழாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்ச்.
இப்போது 'போர்ஃபியாதா' படகின் தலைவன்;
போர்ஃபியாதா என்றால் பிடிவாதக்காரி.
"பெட்டி பதினேழு, யானிரா. இருபத்து மூன்று கிலோ.
பையன் முப்பத்து இரண்டு என்று போட்டுத் தொலைத்தான்.
திருத்துவதற்கு ஒரு பொத்தான்கூட இல்லையா உன்னிடம்?"

இல்லை. எழுத உட்கார்ந்தேன்.
பெட்டிகளை ஒவ்வொன்றாய் எடு.
எண் பதினேழா?
எடையை மாற்று.
மூன்றே வரி.
மூன்றாவதன் அடியில் சிவப்புக் கோடு:
மாற்ற இயலாது, இது மாறிலி.

யார் சொன்னது மாறிலி என்று?
நான் சொல்லவில்லையே.
அடுப்பைக் கூட்டினேன். காப்பி போட்டேன்.
கோட்டின் மேல் கோடாக அது அப்படியே கிடந்தது,
வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு
நகர மறுக்கும் நாயைப் போல.

இரவு பதினொன்றுக்குப் புத்தி குறுக்கே ஓடியது.
பெட்டியின் வார்ப்பில்
ஸ்ட்ரக்ட் என்றிருந்ததைக் கிளாஸ் ஆக்கினேன்.
ஒரு சொல்தான்.
சிவப்பு அணைந்தது. பதினேழு இருபத்து மூன்றானது.
விசிலடித்துக்கொண்டே படியிறங்கினேன்,
காற்று அதையும் பிடுங்கிக்கொண்டது.

புதன்கிழமை எல்விரோ நேரிலேயே வந்தான்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை.
"நேற்று பதினேழு பத்தொன்பது கிலோ. சரி.
திங்களும் பத்தொன்பது என்கிறது இது.
பதினெட்டும் அப்படியே. இருபதும் அப்படியே.
திங்கட்கிழமை நான் கடலுக்குப் போனேனா இல்லையா?"

போனான். நான்தான் அழித்திருக்கிறேன்.
ஒவ்வொரு காலையும் நேற்றைய பட்டியலை நகலெடுத்தே
இன்றைய பட்டியலைத் தொடங்குகிறோம்,
பெட்டிகள் அவைதானே என்று.
ஸ்ட்ரக்டாக இருந்தவரை
நகல் என்றால் நகல்.
கிளாஸ் ஆனபின்
இரண்டு பட்டியலும் ஒரே பெட்டியைக்
கைநீட்டிக் காட்டிக்கொண்டு நின்றன.
செவ்வாய் எழுதியதெல்லாம் திங்களின் தலையிலும் விழுந்தது.
சிவப்புக் கோடு என்னைத் தடுக்கவில்லை,
திங்கட்கிழமையைக் காத்துக்கொண்டிருந்தது.
நான் காவல்காரனை வேலையை விட்டு நீக்கிவிட்டேன்.

அவனை அடுப்பருகே உட்காரவைத்தேன்.
கிளாஸை அடித்து மீண்டும் ஸ்ட்ரக்ட்.
சிவப்பு திரும்பியது. வா என்றேன்.
சுற்றும்போது என் கைக்கு வருவது பெட்டியே அல்ல,
பார்ப்பதற்கு மட்டும் தந்த பிரதி.
அதில் எழுதினாலும் அலமாரியில் இருப்பது அறியாது.
ஆகவே எண்ணைப் பிடித்துப் போக வேண்டும்:
பதினேழாம் இடத்தில் இருப்பதை மாறியாக ஒரு நகலெடு,
நகலில் எடையைத் திருத்து,
திருத்தியதை அதே இடத்தில் வை.
பத்திரத்தில் எழுதுவார்களே,
அடித்தல் திருத்தல் இல்லை என்று,
அப்படிச் சுத்தமாக ஒரு புதுப் பெட்டி.

ஓடியது.
ஆனால் போன திங்கள் போனதுதான்.
எல்விரோவின் சட்டைப் பையில்
உப்பில் விறைத்த எடை ரசீதுகள் இருந்தன.
நாற்பத்தொரு பெட்டி.
அவன் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.
"பதினாறு, இருபத்தொன்று.
பதினேழு, இருபத்து மூன்று."
விரல் நுனி மரத்துப்போயிருந்தது.
முப்பத்து இரண்டு என்று போட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.
நானும்.
புதுப் பொத்தானை அழுத்தினேன். இருபத்து மூன்று.
பிறகு, மூச்சை அடக்கிக்கொண்டு
செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன்.

பத்தொன்பது.
போர்ஃபியாதா.