இருபத்தோராம் தேதிக்குப் பூக்க வேண்டும்

அப்படித்தான் எழுதியிருந்தது ஆர்டரில்.
குட்டை ரகச் செண்டுமல்லி, ஆரஞ்சு,
பன்னிரண்டாயிரம்.
விமான நிலையத்திலிருந்து கத்திப்பாரா வரை
சாலை நடுவே.
யாரோ வருகிறார்கள். யாரென்று எழுதவில்லை.
கார் எண்பதில் போகும்.
ஒரு செடிக்கு அவர் கண்ணில் எவ்வளவு நேரம் என்று
பில் புக்கின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம்.
அதோடு மூடிவிட்டேன்.

ஐம்பது நாள் பயிர்.
பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் இரண்டு.
டிசம்பர் இரண்டில் குன்றத்தூரில் விதை போடுகிறவள்
பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை
கடன்காரியாக.
நான் கடன்காரி.
மெஹருன்னிசா இரண்டும் என்பாள்.

நூற்று முப்பத்தைந்து ட்ரே,
ட்ரேக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி,
குழிக்கு ஒரு விதை.
கறுப்பு உடம்பு, வைக்கோல் நிற வால்.
விரலில் ஈரம் இருந்தால்
விதை குழியில் இறங்காது, விரலோடு திரும்பிவிடும்,
பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் பிள்ளை.

மூன்றாம் நாள் மழை பிடித்தது.
பாலித்தீன் கூரை தண்ணீரில் தொப்பை போட,
சம்பூர்ணம் துடைப்பக் கட்டையால்
அடியிலிருந்து குத்திக்கொண்டே இருந்தாள்
விடிய விடிய,
படுத்த எருமையை எழுப்புகிற மாதிரி.
அப்படியும் பதினொரு ட்ரேயில் நாற்றழுகல்.
கழுத்து நூலாகி
ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன.
முளைக்காதது, அழுகியது எல்லாம் போக
கவருக்கு மாறியவை
பன்னிரண்டாயிரத்து நாற்பத்திரண்டு.
அந்த நாற்பத்திரண்டை
இடமில்லாமல் மோட்டார் ரூம் பின்னால் வைத்தோம்.

ஜனவரி பதினொன்று.
மொட்டுகள் மிளகளவு.
எபனேசர் போன் செய்தார்:
‘மேடம், புரோகிராம் பதினெட்டு நாள் தள்ளிப்போச்சு.’
செடி?
‘செடிகிட்டயும் சொல்லிடுங்க.’

சொன்னோம்.
செடிக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான்:
கட்டைவிரல் நகம்.
ஆறு பேர், மூன்று நாள்.
கிள்ளும்போது டிக் என்று ஒரு சத்தம்,
கேட்காது; விரலுக்கு மட்டும் தெரியும்.
சம்பூர்ணம் ஒவ்வொன்றிடமும்
‘அப்புறம் பூத்துக்கோ’ என்றாள்.
முதல் நாள் பத்து மணிக்கு மேல்
வாயசைவு மட்டும்.
மூன்றாம் நாள் அதுவும் இல்லை.
விரலிடுக்கில் ஏறிய வாசனை
மூன்று சோப்புக்கும் போகவில்லை.
மெஹருன்னிசாவின் பையன்
அவள் ஊட்டிய சோற்றைத் துப்பினான்.

இரண்டு சாக்கு மொட்டு.
மாலைக்கு ஆகாது, சாயத்துக்கும் ஆகாது.
பக்கத்து ஆட்டுக்குப் போட்டேன்.
முகர்ந்தது.
என்னைப் பார்த்தது.

பிறகு வேலை இல்லை.
பச்சை மட்டும், வரிசை வரிசையாக,
ஒரு பொட்டு நிறம் இல்லாத பன்னிரண்டாயிரம்.
தண்ணீர் விட்டோம். காத்திருந்தோம்.
செடிகள் காத்திருந்தனவா என்று தெரியாது.
அவை பக்கக் கிளை விட்டுக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலை மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டது.
வாளியோடு பின்பக்கம் போனேன்.

நாற்பத்திரண்டும்.

யாரும் கிள்ளவில்லை. யாருக்கும் ஞாபகமில்லை.
பாதி நாள் நிழலில், மோட்டார் கசிவைக் குடித்து,
சுவரோரம் அப்படியொரு ஆரஞ்சு,
ஒயர் எரிகிறதோ என்று
ஒரு நொடி வாளியை ஓங்கிவிட்டேன்.
சொன்ன நிறம். சொன்ன உயரம்.
போனை எடுத்துப் பார்த்தேன்.
இருபத்தொன்று.

குந்தி உட்கார்ந்தேன்.
ஒவ்வொன்றாகப் பார்த்தேன், வகுக்காமல்.
உள்ளேயிருந்து மெஹருன்னிசா
‘தண்ணி வரலை, தண்ணி வரலை’ என்று
கத்திக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் எபனேசர் கணக்கு கேட்டார்.
வளர்த்ததற்கும் ஏற்றியதற்கும்
நாற்பத்திரண்டு இடிக்கிறதே, மேடம்?

சேதாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.