மீற்றர் பழுது

காலிமுகத்திடலில்
இறால் வடையைத் தாளில் ஏந்தி ஊதி ஊதித் தின்றவள்
என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்தாள்.
மணிக்கட்டில் இன்னும் அறுக்காத
ஹோட்டல் பட்டி.
“டுக் டுக், மேடம்?” என்றேன்.
அது என் சொல் இல்லை.
த்ரீவீல் என்றால் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

“வெல்லவட்டா. ஹவ் மச்?”

வெள்ளவத்தையை அப்படி இழுப்பவர்களுக்கு இரண்டாயிரம்.
சுனிமல் போட்ட சட்டம் அது.
பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு
கொசு அடித்தபடி கிடந்தபோது போட்டான்.
ரிஸ்மியும் நானும் கை தூக்கினோம்.

மீற்றர் மஞ்சள் துணிக்கு அடியில் இருந்தது.
பழுது என்பதை
ஐந்து பாஷையில் சொல்வேன் நான்;
ரஷ்யனிடம் மட்டும் கொஞ்சம் திக்கும்.
ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினாள்.
இறங்கினேன்.

மரைன் டிரைவில் திருப்பினேன்.
வெளியூர்க்காரருக்குக் கடல் காட்டினால்
கணக்குக் கேட்கமாட்டார்கள்.
பக்கத்தில் பாணந்துறை ரயில்
வாசலெல்லாம் ஆள் தொங்க
எங்களை முந்திப்போனது.
அவள் அதைப் படம் எடுத்தாள்.
என் கண்ணாடியில் ஒட்டியிருந்த
அந்தோனியாரையும் எடுத்தாள், அருகில் இருந்த முருகனையும்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

“ஓமம்மா. ஓட்டோவிலைதான் வாறன்.
ஆயிரத்தைஞ்ஞூறு.
ஓம், தெரியும். மீற்றர் பழுதாம். பொய்தான்.
இருக்கட்டும் அம்மா, ஆளைப் பாக்கப் பாவமாக் கிடக்கு.
சேட்டுக் கொலரெல்லாம் நைஞ்சு போய்க் கிடக்கு.”

கை தானாகக் கழுத்துக்குப் போனது.
பாதி வழியில் ஹோர்ன் பக்கம் திருப்பி
யாருமில்லாத தெருவில் அடித்தேன்.

சொல்லியிருக்கலாம்,
தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனை,
இருதயநாதன் என் பேர் என்று.
ஆனால் அதுவரை
இங்கிலீஷில் கிடந்த பொய்
வாயைத் திறந்த அந்தக் கணம்
தமிழில் சொன்ன பொய்யாகிவிடும்.

ஒரு காலத்தில் இதே நகரத்தில்
ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும்
என் பாஷையை எச்சிலோடு விழுங்கியவன்தான்.
பயத்துக்கு விழுங்கியது அது.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விழுங்கியது
இதுதான் முதல் தடவை.
ருசி வேறாக இருந்தது.

பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியதும்
துடைக்கிறவன்போலத் துணியை உருவி
மீற்றரைத் தட்டிவிட்டேன்.
சிவப்பு எண்கள் எரிந்தன.
“ஓ! வேர்க்கிங்!” என்றாள்.
“சம்டைம்ஸ்” என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
எந்த மொழியில் என்று தெரியவில்லை.

முப்பத்தேழாம் ஒழுங்கையில் இறங்கும்போது
முந்நூற்றுச் சொச்சம் காட்டியது.
அது பாதித் தூரத்தின் கணக்கு.
மீதிப் பாதியை மனதில் கூட்டி
எண்ணூறைத் திருப்பி நீட்டினேன்.
“நோ, நோ, கீப் இட்” என்று
என் கொலரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.
பிறகு, விமானத்தில் மனப்பாடம் செய்திருப்பாள்,
கை கூப்பிச் சிங்களத்தில் நன்றி சொன்னாள்:
“இஸ்தூதி.”
நானும் சிங்களத்திலேயே,
“ஹரி, ஹரி, நோனா” என்றேன்.

எண்ணூறும் கையில்.
காற்சட்டைப் பைக்குள் போக மாட்டேன் என்றது.

“தம்பி, கதிரேசன் கோயிலடிக்கு வருவியோ?”
மரக்கறிப் பை இரண்டு, மடித்த குடை,
ஏறுவதற்கு முன்னமே சண்டைக்கு ஆயத்தமான முகம்.
“முந்நூறு தாங்கோ அக்கா.”
“என்னத்துக்கு முந்நூறு? உன்ரை மீற்றர் வேலை செய்யாதோ?”

“ஏன் செய்யாது?” என்றேன்.
“அது ஒருநாளும் பழுதானதில்லை அக்கா!”

தேவைக்கு மேலே சத்தமாக வந்துவிட்டது.
திடுக்கிட்டு ஒழுங்கைப் பக்கம் பார்த்தேன்.
கேற் மூடியிருந்தது.
உள்ளே யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
பேர் சரியாகக் கேட்கவில்லை,
அக்கா அதற்குள்
இருநூற்றைம்பது என்று தொடங்கிவிட்டாள்.