பரப்பளவு, சதுர அடியில்

படிவத்தின் ஏழாம் கேள்வி
தொழில் நடக்கும் கட்டடத்தின் பரப்பளவு.
அகிலேந்திரன் எழுதியிருந்தார்:
சைக்கிள்.

நான் சபையின் வருமானப் பரிசோதகர்.
பேக்கரி அளந்திருக்கிறேன், அரிசி ஆலை அளந்திருக்கிறேன்,
கோழி வெட்டும் கொட்டிலின் கழிவு வாய்க்காலை
முந்தானையால் மூக்கைப் பொத்தி அளந்திருக்கிறேன்.
நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி.
போனேன்,
களுவாஞ்சிகுடிக் கடற்கரைப் பக்கம்,
வாடைக்காற்று குடையை மறுபுறம் மடித்த ஒரு நவம்பர் காலை.

வேலிக்குள் நின்றது கட்டடம்.
கரியரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்
குறடு, டெஸ்டர், திரெட் டேப்,
பொலித்தீனில் முடிந்த ஒரு கை சீமெந்து,
இருமல் மருந்துப் போத்தலில் வாசர்கள்,
யாருடையதோ கதவின் பாதிப் பூட்டு.
"இதுதான் மிஸ்" என்றார்.
அவர் சிரிக்கவில்லை. நானும்.

நாடாவை விரித்தேன்.
பதினாறு அங்குலம், குறுக்கே பத்து.
ஒன்று தசம் ஒன்று ஒன்று சதுர அடி.
எங்கள் அட்டவணையில் முதற்படி
நூறுக்குக் கீழே என்றுதான் இருக்கிறது.
எவ்வளவு கீழே என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எட்டாம் கேள்வி: தொழிலின் வகை, ஒன்றை மட்டும் குறிக்க.
மின்சாரமா, நீர்க்குழாயா, மேசனா, தச்சா?
நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
"விடிய ஒரு ரீச்சர்ர வீட்டுச் சிங்.
மறுகா கோயில் மைக் வயர்.
பின்னேரம் குருமண்வெளித் துறையால
சைக்கிளோட பாதையில ஏறி மண்டூருக்குப் போனன்.
அங்க ஒரு கதவு மழைக்கு ஊதி நிலையில இறுகிக் கிடந்த.
சீவிக் குடுத்தன்."

எங்கள் அனுமதி துறையடியில் முடிகிறது.
வாவிக்கு அக்கரையில் வேறு சபை,
வேறு கட்டணம், வேறு ரப்பர் முத்திரை.
பாதை நடுவாவியில் மிதக்கையில்
அந்தப் பெட்டி எவருடைய எல்லைக்குள் என்று
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. விடை தெரியாத கேள்வியைக்
கோப்பில் வைக்கக்கூடாது.

அயலவர் ஆட்சேபணையின்மைக் கடிதம் இரண்டு வேண்டும்.
கிழக்கு எல்லை ஒப்பமிட்டது.
மேற்கு எல்லை மறுக்கிறது:
மோட்டர் கட்டிய காசை இவர் திருப்பித் திருப்பிக் கேட்டாராம்.

தகைமைச் சான்றிதழ்?
தோஹாக் கம்பனி ஒன்றின் அட்டையைத் தந்தார்,
மூலைகள் உரிந்தது, பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.
"பதினொரு வருஷம் அங்க இதத்தான் செஞ்சன்."
செல்லாது என்று சொன்னேன்.
சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்தது.
போன வருடம் பெரியகல்லாற்றில்
சுடுநீர்க் குழாயைத் திறந்த பிள்ளையைக் கரண்ட் தூக்கி எறிந்தது.
பிழைத்தாள். வலது கை இன்னும் மடங்காது.
பூட்டியவன் யார் என்று விசாரித்தபோது
சுவரில் கரியால் எழுதிய ஒரு நம்பர் இருந்தது,
அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.
ஆகவே அகிலேந்திரன்,
பெயரைக் கேட்பது வரிக்காக மட்டுமில்லை.

இதை அவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை.
ஏனையவை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்,
சவப்பெட்டி வாடகைக்கும் பந்தல் சோடனைக்கும் நடுவே.
மின்வேலை நீங்கலாக என்று சிவப்பில் எழுதினேன்.
மேற்கு எல்லையை நானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னேன்,
அது என் கடமைப் பட்டியலில் இல்லை.

எல்லாம் சரிவந்தாலும்
அனுமதி அச்சாக டிசம்பர் பத்தாகிவிடும்.
காலாவதி டிசம்பர் முப்பத்தொன்று.
ஜனவரியில் மறுபடி ஏழாம் கேள்வி,
மறுபடி நாடா,
பெட்டி அதற்குள் ஓரங்குலம் துருப்பிடித்துக் குறைந்திருக்கும்.

என் குசினிக் குழாய் மூன்று கிழமையாக ஒழுகுகிறது.
எந்தக் கை அதை நிறுத்தும் என்று தெரியும்.
நம்பரும் இருக்கிறது, படிவத்தின் மூன்றாம் வரியில்.
கோப்பு என் மேசையில் இருக்கும் வரை
கூப்பிடக்கூடாது.
சாமத்தில் வாளியின் சத்தம் மாறும்.
எழும்பிப் போய்,
ஏற்கெனவே மழையில் ஊறி நிற்கும் முருங்கைக்கு
ஊற்றிவிட்டு வருகிறேன்.