பதினான்கு புள்ளி

ரொஹானிக்கு ஆங்கிலம் வராது.
ஆனால் ஐந்தெழுத்தில்
க்யூ வந்து யூ வராத சொற்கள் அத்தனையும் மனப்பாடம்.
பட்டானி மீன் ஆலையின் இரவு ஷிஃப்டில்
மத்திச் செதில் ஒட்டிய விரலால் எண்ணி எண்ணிப் படித்தவை.
அர்த்தம் பார்ப்பதில்லை.
ஆட்டத்துக்கு அது வேண்டியதில்லை.

ஹாட்யாய், நாலாவது சுற்று.
எதிரே கல்லூரிப் பையன் தனக்ரித்,
காலை ஆட்டிக்கொண்டு.
கைக்கு வந்த வில்லைகளில் இரண்டு சொல் கூடிற்று;
இரண்டுக்கும் பதினான்கே புள்ளி.

ஒன்று, அவளுக்குப் பொருள் தெரிந்த ஒரே சொல்:
தலாக்.
போன நோன்புக்கு முன்னால்
வாசலில் பைக்கை அணைக்காமலே அவன் சொன்னது.
இதையுமா எடுத்துக்கொண்டார்கள் இங்கிலீஷ்காரர்கள் என்று
பட்டியலில் கண்ட அன்று
சிரிப்புத்தான் வந்தது.

எல்லை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.
கடிகாரம் தின்றது ஒன்றரை நிமிடம்.
பிறகு மற்றதை அடுக்கினாள்:
கனாத்.

ஒன்பது புள்ளியில் தோல்வி.
எழுந்தவள் நடுவரிடம் கேட்டாள், முதல் தடவையாக,
"அதற்கு என்ன பொருள்?"
போனில் தேடிச் சொன்னார்:
பாலை நிலத்தில், மண்ணுக்கடியில்,
வெயில் கண்ணில் படாமல்
தண்ணீரை ஊருக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்.

"ஓ" என்றாள்.
எல் இன்னும் உள்ளங்கையில் இருந்தது, வியர்த்து.
வில்லைப் பைக்குள் அதைப் போட்டுவிட்டு
ஐந்தரை வேனைப் பிடிக்க ஓடினாள்.