ஒன்றுமில்லை

ஜூன் கடைசியில் அபுசேனி மலைச்சரிவு
மஞ்சளாகிவிடும்.
ஆர்னிகா.
பனி காய்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும்;
ஈரப்பூ சாக்குக்குள் புழுங்கிக் கறுத்துவிடும்.
பத்துப் பூவில் மூன்றைச் செடியிலேயே விட வேண்டும்.
கொட்டகை வாசலில் தராசோடு உட்கார்ந்து
ஒவ்வொரு கோடையும் இதைச் சொல்பவள் நான்.
தலையாட்டுவார்கள்.
ஒன்றை விடுவார்கள்.

சவெத்தா மூன்றை விடுவாள்.
அவள் சாக்கில் காம்பு இருக்காது, கல் இருக்காது,
பூவின் அடியைப் பிதுக்கிப் பார்த்தால்
புழுகூட அனேகமாக இருக்காது.
நான்கு கிலோ. நான்கே கால்.
இந்த வருஷம் இரண்டரைக்கு மேல் முள் ஏறவில்லை.

"மேலே பூ குறைவா?"
"இல்லை. பன்டெலிமோன் வந்திருக்கிறார்."

ஸ்பெயினில் கட்டட வேலை, மூன்றாம் மாடிச் சாரம்.
விழுந்தேன் என்று அவன் சொல்லவில்லையாம்.
இறங்கிவிட்டேன் என்றானாம்.
இரண்டு பகல் இரண்டு இரவு பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து
வீட்டில் உட்கார மறுக்கிறான்.
விலாவில் கத்தரிக்காய் நிறம்,
ஓரத்தில் மட்டும் மஞ்சள்.
"நம் பூவின் மஞ்சள் இல்லை" என்றாள்,
நான் கேட்காமலே.

அவளிடம் ஜன்னலோரப் போத்தல் இருக்கிறது,
பிளம்ஸ் சாராயத்தில் போன வருஷத்துப் பூ.
தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் போட வேண்டும்,
தோல் கிழிந்த இடத்தில் ஆகாது,
குடிக்கவே ஆகாது.
வாசனைக்கு ஏமாந்து ஒரு மிடறு விழுங்கிய அவள் மாமனாருக்கு
ஒரு வாரம் நெஞ்சு தறிகெட்டு ஓடியது.
அதற்குப் பிறகு அவர்
இலையைச் சுருட்டிப் புகைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

துணியோடு கிட்டே போனால் பன்டெலிமோன் சுவரோடு ஒட்டுகிறான்.
எனக்கு ஒன்றுமில்லை.
கட்டில் பலகையாய்க் குத்துகிறது என்று
வைக்கோலில் படுக்கிறான்.
வைக்கோலும் குத்துகிறது.
எனக்கு ஒன்றுமில்லை.

லாரியோடு வரும் ஜெர்மன்காரர் யோஸ்ட்
ஒரு மருந்துக் கையேட்டை விட்டுப் போயிருந்தார்.
ஆர்னிகா என்ற பக்கத்தை
அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்:
அடிபட்டவன்.
எந்தப் படுக்கையும் கடினம் என்பான்.
யாராவது நெருங்கினால் தொட்டுவிடுவார்களோ என்று அஞ்சுவான்.
தனக்கு ஒன்றுமில்லை என்று
வைத்தியரைத் திருப்பி அனுப்புவான்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.
அடுத்தவர் வீட்டுக் கதவிடுக்கில்
கண் வைத்தது போலிருந்தது.

யோஸ்டிடம் கேட்டேன், எப்படிச் செய்கிறீர்கள்.
ஒரு சொட்டுச் சாறு, நூறு சொட்டில்.
அதில் ஒரு சொட்டு, இன்னொரு நூறில்.
ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும்.
முப்பது தடவை.
"அப்புறம் பூ இருக்காதே?"
"இருக்காது" என்றார்,
பஸ் போய்விட்டது என்பது போல.
ஒரு குப்பி கொடுத்தார்.
அதன் விலைக்குச் சவெத்தா
ஒன்றரை நாள் குனிய வேண்டும்.

அவளிடம் கொடுத்தேன். அவன் நாக்கின் கீழ் ஐந்து உருண்டை வைத்தாளாம்.
"சர்க்கரை" என்றானாம்.
ஒன்பது நாளில் அவன் சொன்ன இரண்டாவது விஷயம்.

உருண்டையா, போத்தல் துணியா,
வெறும் நாட்கள்தானா, எனக்குத் தெரியாது.
நான் எடை போடுகிறவள்.
இல்லாததற்குத் தராசு கிடையாது.

வியாழன் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தாள்.
சாக்கை இறக்கும்போதே சொன்னாள்,
மாடு கன்று போட்ட செய்தியைச் சொல்வது போல:
"நேற்று ராத்திரி வலிக்குது என்றார்.
எங்கே என்று கேட்டேன். காட்டினார்."

இரண்டு கிலோ எழுநூறு.
கையை உள்ளே விட்டேன். ஈரம்.
பனி காய்வதற்குள் பறித்திருக்கிறாள்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவை,
வீட்டுக்குச் சீக்கிரம் திரும்ப.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எழுநூறையும் சேர்த்து எழுதினேன்.
அவள் பூவை மட்டும் தனியாக
மேல்தட்டில் பரப்பினேன்,
ஒன்றையொன்று தொடாதபடி,
காற்று வரும் பக்கம்.