அரைப் பேர்

காலையில் எனக்கு இரண்டு கண்.
பகல் மணி அடிக்கும்போது ஒன்றே முக்கால்.
பள்ளிக்கூடம் விட்டு
நோர்வூட் பஸ்ஸில் நெரிபடும் நேரம்
இடது இமை
கடைக்காரர் பாதி இழுத்துவிட்ட தகரக் கதவு:
உள்ளே ஆள் இருக்கிறது,
யாபாரம் இல்லை.

"கண்ணடிக்கிறாள்" என்று முதலில் சொன்னவன்
பதினோராம் வகுப்பு டிலுக்ஷன்.
அதை நம்பி நாலு நாள்
எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்தான், பாவம்.
ஐந்தாம் நாள்
சயன்ஸ் டீச்சருக்கும் நான் கண்ணடித்ததைக் கண்டு
மனமுடைந்து போனான்.

வீட்டில் தூக்கம் போதாது என்றார்கள்.
பக்கத்துக் காம்பராவில் போன் என்றார்கள்.
கோயிலில் கட்டிய நூல் கறுத்து அறுந்தது.
தோட்டத்து டிஸ்பென்சரியில்
எல்லோருக்கும் தருவதையே எனக்கும் தந்தார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில்
கையுறையின் ஒரு விரலுக்குள் ஐஸ் நிரப்பி
இமைமேல் வைத்துக்
கைக்கடிகாரம் பார்த்தார் டாக்டர்.
இரண்டு நிமிஷம்.
எடுத்ததும் இமை எழுந்தது,
பெரட்டுக்குப் பிந்திவிட்டவள்போல்
திடுக்கிட்டு.
அவர் சிங்களத்தில் சிரித்தார்.
அம்மா தமிழில் அழுதாள்.

மயஸ்தீனியா.
கொப்பியின் கடைசித் தாளில் எழுதிப் பார்த்தேன்.
மூளை எழுதும் கடிதம்
நரம்பு வழியே சரியாகத்தான் வருகிறதாம்,
தசையின் வாசலில் வாங்க ஆளில்லையாம்.
நர்ஸ் அக்கா சொல்லி முடிக்குமுன் விளங்கிவிட்டது.
எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்களும்
தோட்டத்து ஆபீஸ் மேசையில்தான் கிடக்கும்.
நேர்முகப் பரீட்சைக்கு அண்ணனை அழைத்த கடிதம்
திகதி முடிந்து மூன்றாம் நாள் கைக்கு வந்தது.
என் கண்ணுக்குள்ளும் ஓர் ஆபீஸ்.

குளிசை ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று.
வயிற்றை முறுக்கும்.
வெயில் ஆகாது, குளிர் நல்லது என்றார்கள்.
பிறந்த நாள் முதலாய் நாங்கள் திட்டிய குளிர்,
கம்பளிக்குள் புகுந்து காலைக் கடிக்கும் குளிர்
மருந்துச் சீட்டில் ஏறிவிட்டது.
பீலித் தண்ணீரில் துண்டை நனைத்துக்
கண்ணில் ஒற்றி ஒற்றிப் படித்தேன்.

கணிதம் இரண்டாம் தாள்.
ஒரு முக்கோணியின்மேல் இன்னொரு முக்கோணி,
சற்றே சரிந்து.
இரண்டும் ஒருங்கிசையும் என நிறுவுக என்றிருந்தது.
கண்ணெதிரே நிற்கிறதே,
இதில் என்ன நிறுவுவது!

நாடியைத் தூக்கித் தலையைச் சாய்த்தால்தான்
கோடுகள் ஒன்றாகும்.
சாய்த்தேன்.
மேற்பார்வையாளர் வந்து நின்றார்.
"பக்கத்துத் தாளில் என்ன பார்வை?"
சட்டைப்பையிலிருந்த கிளினிக் துண்டை நீட்டினேன்.
வாசித்தார். திருப்பிப் பிடித்தும் வாசித்தார்.
ஒன்றும் பேசாமல்
என் மேசையைச் சுவரோரம் இழுத்துவிட்டு
ஜன்னலைத் திறந்துவைத்தார்.
மன்னிப்பா தண்டனையா, தெரியவில்லை.
காற்று வந்தது.
மூன்று கணக்குச் செய்தேன்.

கிளினிக் நாளில் அம்மாவுக்குப் பேர் கிடையாது.
இருட்டோடு புறப்பட்டு இருட்டோடு திரும்பி
மறுநாள் வீங்கிய காலோடு மலையேறினால்
தராசில் கொழுந்து குறையும்.
அரைப் பேர் என்று எழுதுவார்கள்.
என் கண்ணுக்கும் அவள் நாளுக்கும்
ஒரே அளவு.

இப்போது ஐந்தரை. மருந்து இறங்கும் வேளை.
முருங்கை மரத்து வளைவில் அம்மா வருகிறாள்.
அவளை ஒட்டியே
ஒரு சாண் உயரத்தில்
இன்னோர் அம்மா.
அதே படங்கு, அதே கூடை,
அதே காலை நொண்டுகிறாள்.
ஒரு கண்ணைப் பொத்தினால் ஒருத்தி போய்விடுவாள்.
பொத்தவில்லை.

கணக்கப்பிள்ளை ஐயா,
சத்தியமாய் நான் பார்த்தேன்.
இன்றைக்கு மலையில் என் அம்மா
இரண்டு பேர்.
அப்படியே போடுங்கள்.