நிமிடத்துக்கு நாலு வெள்ளி

திரையில் பேசுவதை அடியில் எழுதித் தருவது என் வேலை.
தமிழ் பேசினால் மலாயில்,
மலாய் பேசினால் தமிழில்,
சீனம் பேசினால் பக்கத்துத் தமான் சியூ லிங்கைக் கேட்டு.
நிமிடத்துக்கு நாலு வெள்ளி.
கதவு சாத்தினால், இடி இடித்தால், யாராவது மூச்சு வாங்கினால்
அதையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்,
காது கேளாதவர்களுக்காக.

பாடாங் செராயில், கைப்பேசிக் கடை மாடியில்,
மழை வந்தால் இணையம் போய்விடும் அறை.
கீழே செம்பனைக் குலை லாரி
வளைவுதோறும் சிவப்பாய்ப் பழம் உதிர்த்துப் போகும்.

இந்த மாதம் வந்தது உள்ளூர்ப் படம்.
நிஜமாகவே எங்கள் ஊர்.
மார்ச்சில் பதினோரு நாள் தங்கி எடுத்தார்கள்.
மூடிக் கிடந்த பால் ஸ்டோர் கடத்தல்காரன் கிடங்கானது.
போதுமான அழுக்கில்லை என்று
சுவரில் கரி பூசினார்கள்.

படத்தில் நம் பையன் மோட்டாரில் வருகிறான்.
[பதற்றமான இசை]
சட்டையைக் கழற்றுகிறான்.
[பதற்றமான இசை தொடர்கிறது]
அவன் அம்மா சாமி படத்தைப் பார்க்கிறாள்.
[புல்லாங்குழல்]
சீனப் பையன் வட்டி வசூலிக்கிறான்.
மலாய்ப் பையன் போலீஸ் உடுப்பில்
எல்லாம் முடிந்தபின் வந்து அறிவுரை சொல்கிறான்.
மூவரும் பள்ளித் தோழர்களாம்.
அதற்குச் சாட்சி ஒரு பழைய புகைப்படம், மூன்று நொடி.
காதலி ஒருத்தியும் உண்டு.
கடைசிவரை அவளுக்கு நான் எழுதிய சொற்கள் பதினாறு.
அதில் ஆறு, 'வேண்டாம்'.

'டேய்'க்குத்தான் மலாயில் சொல் கிடைக்கவில்லை.
நண்பன் சொன்னால் ஒன்று, எதிரி சொன்னால் வேறொன்று.
படத்தில் எல்லாரும் எதிரிகள் என்பதால்
ஒன்றே போதுமாயிற்று.

கத்தியே இல்லாத ஊரென்று சொல்ல மாட்டேன்.
என்னோடு ஐந்தாம் படிவம் படித்த லிங்கேஷ்
இப்போது எந்தச் சிறையில் என்று அவன் அக்காவுக்கே தெரியாது.
ஆனால் அவன் மோட்டாரில் வந்தபோதும்
பின்னால் இசை கேட்டதில்லை.
சைலன்சர் ஓட்டை, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம்.
கதாநாயகன் ஒட்டுக்கடையில் அமர்ந்து பழிவாங்க யோசிக்கிறான்.
அவன் தோளுக்குப் பின்னால், மங்கலாக,
துணை நடிகர்கள் மூவர்.
தலைக்கு ஐம்பது வெள்ளியும் ஒரு நாசி லெமாக்கும்.
'சும்மா பேசுங்க, சத்தம் வராது' என்றிருப்பார்கள்.
வந்திருக்கிறது.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன்.
கையுறை ஆலையில் இரவு வேலை பார்க்கும் துவாரகன், மலாயில்:
'பெட்ரோலுக்குத் தந்த ரெண்டு வெள்ளி நாப்பது காசு எங்க?'
ஹக்கிமி, தமிழில்:
'டேய், சம்பளம் வரட்டும்டா.'
அப்புறம் காய் சியாங், எல்லாம் கலந்து,
அவன் மட்டுமே சொல்லும் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு மூவரும் சிரிக்கிறார்கள்.

மூன்று முறை பின்னோட்டிக் கேட்டேன்.
தொண்ணூற்றெட்டு நிமிடத்தில்
யாரும் எழுதித் தராத பேச்சு
இது ஒன்றுதான்.

கதைக்கு வேண்டாத குரலை எழுதக் கூடாது என்பது விதி.
எழுதினேன்.
இன்னொரு 'டேய்'க்கு
அரைமணி நேரம் சொல் தேடினேன்.
கதாநாயகன் கண் கலங்கும்போது
அவன் மோவாய்க்குக் கீழே
இரண்டு வெள்ளி நாற்பது காசு.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து மின்னஞ்சல்:
'52:14 பிழை. காட்சியின் கனம் கெடுகிறது. நீக்கவும்.'
நீக்கினேன். வாடகை இருக்கிறது.
அடைப்புக்குறிக்குள் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்,
ஒலிக்கு விதி இடம் தருகிறது:
[பின்னால் சிரிப்பு]

சாயங்காலம் கீழே ஒரு மோட்டார் வந்து நின்றது.
எட்டிப் பார்த்தேன்.
ஹக்கிமி பின்னாலிருந்து இறங்கி
பையைத் துழாவி, உள்ளங்கையில் சில்லறை எண்ணினான்.
இரண்டு முறை எண்ணினான்.
நாற்பது காசு குறைகிறது போல.